வரவில் பங்கு, வளர்ப்பில் பங்கு

கேள்வி: பிள்ளையைப் பெற்றவர்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்? குழந்தைகள் காப்பகத்துக்கு அரசு ஏன் செலவழிக்க வேண்டும்?
(வாசகர், திருப்பூர்)

பதில்: அந்தப் பிள்ளை வளர்ந்து வரி கட்டும்போது, 'இது பெற்றவருக்கே சேரட்டும்' என்று எந்த அரசும் திருப்பிக் கொடுப்பதில்லையே! வரவில் பங்கு கேட்கிறவர் வளர்ப்பிலும் பங்கு போடட்டும்.

கனடாவின் கியூபெக் மாகாணம் 1997-ல் அப்படித்தான் செய்தது. பெற்றோர் கட்டியது நாளுக்கு 5 டாலர். மீதியை அரசு ஏற்றது. வேலைக்குப் போகும் தாய்மார்கள் பெருகினார்கள். ஆனால், இடங்களைக் கூட்டிய வேகத்துக்குத் தரம் எல்லா இடத்திலும் ஈடுகொடுக்கவில்லை. மலிவு மட்டும் போதாது, பயிற்சி பெற்ற கைகளும் வேண்டும் என்பது அங்கிருந்து நமக்குப் பாடம்.

கேள்வி: நமக்குத்தான் அங்கன்வாடி இருக்கிறதே?
(வாசகி, சிவகாசி)

பதில்: இருக்கிறது. 1975-ல் தொடங்கிய அந்தத் திட்டம் கோடிக்கணக்கான குழந்தைகளுக்குச் சோறும் பாட்டும் கொடுத்தது. கையெடுத்துக் கும்பிட வேண்டிய சாதனை. ஆனால் அங்கன்வாடியைப் பிற்பகலில் பூட்டிவிடுகிறார்கள். அம்மாவின் ஷிப்ட் இருட்டிய பிறகு முடிகிறது. நடுவில் தம்பியைப் பார்க்க எத்தனையோ அக்காக்கள் பள்ளியை விட்டு நிற்கிறார்கள்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் காப்பகம் கட்டாயம் என்று 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். 49 பேர் இருக்கும் பட்டறையிலும் குழந்தைக்குப் பசிக்கும்! ஆகவே அங்கன்வாடி மாலை வரை திறந்திருக்கட்டும். கைக்குழந்தைக்கும் அங்கே தொட்டில் இருக்கட்டும். ஊழியருக்கு முழுச் சம்பளம் கிடைக்கட்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.