ஊர்ச் சில்லுக்கு ஊரில் தகுதியில்லை

பாயான் லெப்பாஸ் மலேசியாவில் இல்லை. பினாங்குக்காரர்கள் என்மேல் பாய வேண்டாம், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 1990ஆம் ஆண்டுச் சுதந்திர மண்டலச் சட்டத்தின்படி, சுங்க விவகாரத்தில் அந்த மண்டலம் மலேசியாவுக்கு வெளியே உள்ள இடமாகவே கருதப்படும். விடியுமுன் பேக்டரி பஸ் ஏறும் நம் அக்காமார் பாஸ்போர்ட் இல்லாமல் தினமும் வெளிநாடு போய் வருகிறார்கள். சம்பளம் மட்டும் உள்நாட்டிலேயே நின்றுவிட்டது.

அந்த வெளிநாட்டில், வயலாக இருந்த நிலத்தில், 1972இல் இன்டெல் வந்து இறங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே அது கட்டிய முதல் ஆலை இதுதான். ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், போஷ், ஹிட்டாச்சி, கிளாரியன், லிட்ரோனிக்ஸ் ஆகியவற்றையும் சேர்த்து 'எட்டு சாமுராய்கள்' என்று இன்றுவரை மேடைதோறும் புகழ்கிறோம். கீழைத்தேசத்தின் சிலிக்கன் பள்ளத்தாக்கு என்று பட்டமும் சூட்டிக்கொண்டோம். 2021 டிசம்பரில் இன்டெல் தலைவர் வந்து 30 பில்லியன் ரிங்கிட் முதலீடு என்று அறிவித்தபோது கைதட்டிய கைகள் சிவந்துபோயின. வீட்டில் பழைய இன்டெல் கணினி இருந்தால் திறந்து, சில்லின் மேலிருக்கும் காய்ந்த பசையைத் துடைத்துப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தியதென்றால், உலோக மூடியில் 'மலாய்' என்று பொறித்திருக்க வாய்ப்புண்டு. நம் ஊர் முத்திரை.

அந்த முத்திரைக்கு நம் ஊரில் என்ன மரியாதை என்று பார்க்கலாம்.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் ஒரு பையன், அம்மா பாயான் லெப்பாஸ் ஆப்பரேட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2017 ஜனவரியில் வந்த ஏழாம் தலைமுறை ஐ5-7400 சில்லை வாங்கி, கொம்தார் பக்கம் கடைகடையாக ஏறி இறங்கிப் பெட்டி, ரேம், மதர்போர்டு சேர்த்துத் தன் கையாலேயே ஒரு கணினி கட்டினான். அது இன்றும் ஓடுகிறது. படிக்கிறான், விளையாடுகிறான், அம்மாவின் சம்பளச் சீட்டை அச்சடிக்கிறான். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்து அவன் கதவைத் தட்டியது. உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, 'உன் கணினி தகுதியற்றது' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது.

ஏன் தகுதியில்லை? டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு வேண்டுமாம். அவன் கணினியிலேயே அது இருக்கிறது, பயாசுக்குள் போய் இயக்கினால் போதும். பாதுகாப்புக்கு உதவும் வன்பொருள் வசதி வேண்டுமாம். மைக்ரோசாப்டின் சொந்த ஆவணமே அந்த வசதி 'கேபி லேக்' முதல் உண்டு என்கிறது. ஏழாம் தலைமுறையின் பெயர்தான் ஐயா கேபி லேக்! அப்படியும் தகுதிபெற்ற சில்லுகளின் பட்டியல் எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. கடைக்கு ஒன்பது மாதம் முந்தி வந்த குற்றத்துக்கு ஆயுள் தண்டனை.

ஏழாம் தலைமுறை முழுக்கத் தீண்டத்தகாதது என்றும் சொல்லிவிட முடியாது. சில சில்லுகளுக்குக் கருணை கிடைத்தது. அவற்றில் ஒன்றான ஐ7-7820எச்கியூ யார் வீட்டில் இருந்தது? மைக்ரோசாப்ட் தானே 3,499 டாலர் முதல் விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2இல். 2021 ஆகஸ்டில் பட்டியலைத் திருத்தி அதை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். பாதுகாப்பு என்பது சில்லைப் பார்த்து வருவதல்ல, விலைச்சீட்டைப் பார்த்து வருவது என்று இதைவிடத் தெளிவாக ஒரு நிறுவனம் ஒப்புக்கொள்ள முடியாது.

சரி, சில்லை மட்டும் மாற்றலாம் என்று பையன் நினைக்கிறான். எட்டாம் தலைமுறையின் சாக்கெட்டும் எல்ஜிஏ 1151, அவனுடையதும் 1151. முள் எண்ணிக்கை ஒன்று, அளவு ஒன்று, உட்காரவும் உட்காரும். ஆனால் ஓடாது. மின்சாரம் பாயும் முள்களைக் கூட்டியிருக்கிறோம், புதிய போர்டு வாங்கு என்றது இன்டெல். பழைய போர்டின் பயாசைத் திருத்தி அதே சில்லுகளை ஓட்டிக் காட்டினார்கள் ஆர்வலர்கள். கம்பெனி அந்தப் பக்கம் திரும்பவில்லை. அதே 2017இல் ஏஎம்டி கொண்டுவந்த ஏஎம்4 போர்டுகளில் பல, பயாசைப் புதுப்பித்தால் 2022இல் வந்த சில்லையும் ஏற்றுக்கொண்டன. முடியாது என்பதற்கும் மனமில்லை என்பதற்கும் இடையே எத்தனை முள் வித்தியாசம் என்று பொறியாளர்கள்தான் எண்ணிச் சொல்ல வேண்டும்.

போர்டையும் மாற்றினால்? அங்கே காத்திருக்கிறது உரிமம். கடையில் வாங்கியது ஓஇஎம் உரிமம், அது மதர்போர்டோடு தாலி கட்டிக்கொண்டது. போர்டு பழுதாகி மாற்றினால் மன்னிப்பு உண்டு. தேறுவதற்காக நீயாக மாற்றினால் அது 'புதிய கணினி', பழைய உரிமம் உடன்கட்டை ஏற வேண்டும். புதிதாக விண்டோஸ் 11 ஹோம் வாங்க அமெரிக்க விலை 139 டாலர். மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். சில்லுக்கு உடலைக் கட்டும் ஊரில், அந்தச் சில்லைப் பேசவைக்கும் காகிதத்துக்கு மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கொட்ட வேண்டும்.

பையன் என்ன செய்வான்? ஷாப்பியில் சில்லறைக் காசுக்கு 'ஒரிஜினல் கீ, வாழ்நாள் உத்தரவாதம்' என்று கூவுகிறார்களே, அங்கே போவான். ஏதோ ஒரு கம்பெனிக்கோ கல்லூரிக்கோ மொத்தமாகக் கொடுத்த சாவியை உடைத்துத் தனித்தனியாக விற்பதாக இருக்கும். இன்றைக்குத் திறக்கும், நாளை ரெட்மண்டிலுள்ள மைக்ரோசாப்டில் யாராவது முடக்கும்வரை. அதற்குள் உத்தரவாதம் கொடுத்த கடையின் வாழ்நாள் முடிந்திருக்கும்.

இங்கே சட்டம் துள்ளிக் குதித்து வரும். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒவ்வொரு கள்ளப் பிரதிக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். விற்பவனையும் கம்பெனிகளையும் நோக்கிய சட்டம் என்பார்கள். ஆனால் பயம் மட்டும் நேராக ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்குத்தான் ஏறுகிறது. 2017இல் மலேசியக் கணினி மென்பொருளில் 51 விழுக்காடு உரிமமற்றது என்று மென்பொருள் கம்பெனிகளின் கூட்டமைப்பான பிஎஸ்ஏ கணக்குச் சொன்னது. பாதி நாடு கள்வர் கூட்டமென்றால், பூட்டின் விலை சரிதானா என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டாமா?

கேட்கவில்லை. அதற்குப் பதிலாகப் பத்தாண்டு முன்பே நாய்களைக் கொண்டுவந்திருந்தார்கள். 2007இல் லக்கி, ஃப்ளோ என்ற இரண்டு கறுப்பு லாப்ரடார்கள், ஹாலிவுட் செலவில் பழக்கப்படுத்தப்பட்டு, வட்டுகளை மோப்பம் பிடிக்க மலேசியா வந்தன. வட்டின் பிளாஸ்டிக் வாசனைதான் அவற்றுக்குத் தெரியும். அசலும் அதே பிளாஸ்டிக், போலியும் அதே பிளாஸ்டிக், வேறுபாடு கண்டுபிடிக்க அவற்றால் முடியாது. கள்ள வட்டுக் கும்பல் அவற்றின் தலைக்கு விலை வைத்ததாகவும் செய்தி வந்தது. அரசு விருது கொடுத்து அனுப்பிவைத்தது. வாசனையே இல்லாத இணையத்துக்குச் சரக்கு இடம் மாறியபின், பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் மோப்பம் பிடிக்க ஒன்றுமில்லாமல் போனது.

ஏழைக்கு மலிவாக ஒன்று கொடுக்கலாமே என்ற யோசனை அதற்கும் முன்பே ரெட்மண்டுக்கு வந்ததுண்டு. 2004இல் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, இந்தியா, ரஷ்யா என்று ஐந்து நாடுகளைத் தேர்ந்தெடுத்து 'விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட்டர்' தந்தார்கள். ஒரே நேரத்தில் மூன்று நிரல்களுக்கு மேல் திறக்காது. எழுது, கேள், பார். நான்காவதாக ஆசைப்பட்டால் மறுப்புச் செய்தி. சில்லால் முடியும், மென்பொருளாலும் முடியும். ஏழை அதிகம் திறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அதே 2004இல் நம் அரசும் திறந்த மூல மென்பொருளுக்கு ஒரு பெருந்திட்டம் வெளியிட்டது. எந்த அரசு அலுவலகத்திலாவது லினக்ஸ் ஓடும் மேசையில் ஒரு பாரம் நிரப்பியிருக்கிறீர்களா?

இப்போது இன்னொரு கூத்து. இரண்டாம் பாலம் தாண்டினால் பத்து கவானில் மைக்ரான் ஆலை. அந்த மைக்ரான், செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கு நினைவகச் சில்லு போதவில்லை என்று, வீட்டுக்காரர்களுக்கு ரேம் விற்ற 'குருஷியல்' பெயரையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. போர்டு மாற்றக் காசு சேர்த்தவன் ரேம் விலையைப் பார்த்துப் பெட்டியை மூடி வைத்திருக்கிறான்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமா? 30 டாலர் கட்டு, அல்லது உன் கணினி அமைப்புகளை எங்கள் கணக்கில் ஏற்று, அல்லது எங்கள் தேடுபொறியில் தேடித்தேடி வெகுமதிப் புள்ளி சேர். இது நமக்கு. ஐரோப்பியப் பொருளாதார மண்டலத்தாருக்கு அந்த நிபந்தனைகள் கிடையாது. அங்கே யூரோகன்ஸ்யூமர்ஸ் என்ற பயனீட்டாளர் அமைப்பு ஆட்சேபித்தது, கம்பெனி இறங்கி வந்தது. அதே ஓட்டை, அதே திருத்தம், அதே சில்லு.

உலகமறிந்த பயனீட்டாளர் சங்கத்தை வளர்த்த ஊர் இது. வாழ்க்கைச் செலவினத்தைப் பெயரிலேயே தாங்கிய ஓர் அமைச்சு நாட்டில் இருக்கிறது. அந்த அமைச்சு ரெட்மண்டுக்கு ஒரு கடிதம் எழுதட்டும். ஐரோப்பியனுக்குக் கொடுத்ததைப் பினாங்கு ஆப்பரேட்டரின் பையனுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று ஒரே ஒரு வரி. இதற்கு மோப்ப நாய் வேண்டாம், ஒரு தபால்தலை போதும்.