வாசிப்பனுபவம்: படிக்காமலேயே பகிர எட்டு படிகள்

புத்தகக் காட்சி முடிந்தது. நந்தனத்திலிருந்து இரண்டு கை நிறையப் பைகளோடு வீடு திரும்பிவிட்டீர்கள். இனி உங்கள் கருத்துக்காக ஊரே காத்திருக்கிறது. படித்து முடிக்கும்வரை அவர்களைக் காக்கவைப்பது நியாயமா? உடனே தொடங்குவோம். பயிற்சிக்கு அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவல். ஒல்லியான புத்தகம், அசந்தால் முழுதாகப் படித்துவிடுவீர்கள். ஜாக்கிரதை.

1. முதலில் படம் எடுங்கள். பக்கத்தில் டவரா டம்ளரில் காபி இருக்கட்டும். புத்தகத்தை நடுவில் விரித்து, நீளமான வாக்கியமாகப் பார்த்துப் பென்சிலால் அடிக்கோடு போடுங்கள். அசோகமித்திரனிடம் நீளமான வாக்கியம் கிடைப்பது கஷ்டம். மூன்றுக்குச் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

2. பின்னட்டையைப் படியுங்கள். அதிலுள்ள சொற்களை இடம் மாற்றிப் போட்டால் உங்கள் சொந்தக் கருத்து தயார். ‘இருத்தலியல்’ என்ற சொல் அங்கே இல்லாவிட்டால் கைக்காசு போட்டுச் சேருங்கள்.

3. உங்களைப் பற்றி ஆரம்பியுங்கள். சிறுவயதில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றது, அம்மாவின் பித்தளைக் குடம், அதன் இடுப்பில் இருந்த நசுங்கல், தெருக்குழாய்ச் சண்டை என்று மூன்று பத்தி போகலாம். வீட்டிலேயே கிணறு இருந்ததா? பக்கத்து வீட்டுக் குடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலுக்கு நான்காவது பத்தியில் இடமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

4. குறிப்பாக எதையும் சொல்லாதீர்கள். இதில் ஜமுனா என்று ஒருத்தி வருகிறாள். சினிமா ஆசை காட்டிய பாஸ்கர் ராவை நம்பிச் சீரழிந்தவள். சாகத் துணிந்த அவளிடம் டீச்சரம்மா தன் கல்யாணக் கதையைச் சொல்கிறாள். ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் ஆறுதல் சொல்லும் இடம் அது. தப்பித்தவறிப் படித்து, உங்களுக்கு அங்கே தொண்டை அடைத்திருந்தால் வெளியே விடாதீர்கள். அடுத்த கேள்வி வந்துவிடும். ‘பாத்திரங்கள் ரத்தமும் சதையுமாக உலவுகிறார்கள்’ என்று முடித்துக்கொள்ளுங்கள். எந்த நாவலுக்கும் பொருந்தும். மட்டன் குழம்புக் குறிப்புக்கும் பொருந்தும்.

5. ஆசிரியரைத் தீர்க்கதரிசி ஆக்குங்கள். 2019இல் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததல்லவா? ‘அன்றே எழுதிவிட்டார்!’ என்று வியந்துவிடுங்கள். அவர் எழுதியது அன்றைய சென்னையின் பஞ்சத்தை, கண்ணெதிரே தோண்டிப்போட்ட தெருவை. அதைச் சொன்னால் வியப்பு போய்விடும்.

6. விருதைச் சூட்டுங்கள். ‘இதற்குத்தானே சாகித்ய அகாதெமி கொடுத்தார்கள்’ என்று அடித்துச் சொல்லுங்கள். உண்மையில் 1996இல் அது ‘அப்பாவின் சிநேகிதர்’ சிறுகதைத் தொகுப்புக்குக் கிடைத்தது. யாரும் எடுத்துப் பார்க்கப் போவதில்லை. எதிரில் இருப்பவரும் உங்களைப் போலத்தான்.

7. ஒப்பிடுங்கள். படிக்காத புத்தகத்தைப் படிக்காத இன்னொன்றோடு ஒப்பிடுவதுதான் பத்திரம். மார்க்வெஸ் எப்போதும் கைகொடுப்பார். ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ தமிழிலேயே கிடைக்கிறது. ஆனாலும் ஆங்கிலத்தில் படித்ததாகவே சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் நாவலைக் குறை சொல்லாதீர்கள். எந்தப் பக்கம் என்பார்கள். ஆசிரியரைக் குறை சொல்லுங்கள். என்ன ஜாதி, எந்த முகாம், யார் மேடையில் உட்கார்ந்தார்? இதற்கெல்லாம் பக்க எண் கிடையாது. அசோகமித்திரன் 2017இல் காலமாகிவிட்டதால் பதிலும் வராது.

8. கடைசி ஆபத்து, உண்மையிலேயே படித்தவர். கூட்டத்தில் ஒருவராவது இருப்பார், அமைதியாக உட்கார்ந்திருப்பார். ‘ஜமுனா கடைசியில் எடுத்த முடிவு சரிதானா?’ என்று கேட்பார். பதறாதீர்கள். ‘அதை வாசகரிடமே விட்டுவிட்டாரே, அங்கேதான் நிற்கிறார்!’ என்று சொல்லுங்கள். அவர் விடாமல் அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டச் சொன்னால், புத்தகத்தை அவர் கையிலேயே கொடுத்து, ‘நிதானமாகப் படித்துவிட்டுத் தாருங்கள்’ என்று பெருந்தன்மையாக அனுப்பிவிடுங்கள். இரவல் போன புத்தகம் திரும்பாது. அதன்பிறகு யார் கேட்டாலும் பெருமூச்சோடு சொல்லலாம்: ‘மறுவாசிப்பு செய்யத் தேடுகிறேன், எவனோ வாங்கிப் போனவன் தரவேயில்லை.’