பாத்திரம் துலக்குவோரின் இறையியல்

தாழ்வு மனப்பான்மையால் வருந்துவோரைச் சோம்பேறிகள் என்று எவரும் குறைகூற முடியாது. பிறர் தம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று பகலெல்லாம் கணக்கெடுத்து, இரவில் அக்கணக்கைத் தணிக்கையும் செய்யும் அவர்களுக்கு ஊதியமும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் இல்லை. தான் போதுமானவன்தானா, அடுத்தவன் தன்னைவிடப் பெரியவனா என்னும் இரண்டு வினாக்களுக்குள் அடங்கிவிடும் இந்த அச்சத்திற்குக் கிறிஸ்தவ மரபு நெடுங்காலமாகப் பரிந்துரைத்துவரும் மருந்து ஊழியம், அதாவது பிறருக்குப் பயன்படும் எளிய வேலையை மனமுவந்து செய்தல். மருந்து நல்லதுதான் என்றாலும், அதை உட்கொண்ட பலர் நோயைக் கைவிடாமல் அதற்குப் பணிவு என்று பெயரை மட்டும் மாற்றிக்கொண்டதையும் அம்மரபின் வரலாறு மறைக்கவில்லை.

இந்நோயின் முதல் பதிவுகள் இயேசுவின் சீடரிடையே கிடைக்கின்றன. செபதேயுவின் மக்களான யாக்கோபுக்கும் யோவானுக்கும் வரவிருக்கும் அரசில் வலப்பக்கமும் இடப்பக்கமும் இருக்கை ஒதுக்குமாறு அவர்களுடைய தாயே பரிந்துரைக்கு வந்ததாக மத்தேயு நற்செய்தி கூற, தங்களுள் யார் பெரியவர் என்னும் விவாதம் இறுதி இரவு உணவின்போதே எழுந்ததாக லூக்கா நற்செய்தி பதிவுசெய்கிறது. அதே உணவின்போது இயேசு எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடரின் பாதங்களைக் கழுவியதை யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் விவரிக்கிறது. தம் பாதத்தைத் தொடவே கூடாது என்று முதலில் மறுத்த சீடர் பேதுரு, கழுவாவிட்டால் இயேசுவோடு தமக்குப் பங்கில்லை என்று அறிந்ததும் கைகளையும் தலையையும் சேர்த்துக் கழுவக் கோரினார். தம் தகுதியைப் பற்றி ஐயமுற்றவர் ஒன்று எதையும் ஏற்கமாட்டார், அல்லது எல்லாவற்றையும் இரட்டிப்பாகக் கேட்பார் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. துண்டை எடுத்தவரோ தாம் கடவுளிடமிருந்து வந்ததையும் கடவுளிடம் திரும்பிச் செல்வதையும் அறிந்திருந்தார் என்று நற்செய்தியாளர் முன்கூட்டியே எழுதிவைக்கிறார். அவ்வறையில் தம் மதிப்பைப் பற்றிக் கவலைப்படாதிருந்தவர் ஒருவரே. வேலை செய்தவரும் அவர் ஒருவரே.

இந்நிகழ்வை நினைவுகூரும் பெரிய வியாழன், அதாவது உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய வியாழக்கிழமைச் சடங்கு, அரண்மனைகளுக்குள் நுழைந்தபோது பணிவுக்கும் நெறிமுறை வகுக்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசி கிரீனிச்சில் 39 ஏழைப் பெண்களின் பாதங்களைக் கழுவிய நிகழ்ச்சியைப் பற்றிய குறிப்பின்படி, முதலில் சலவைப் பணியாளர்கள் வெதுவெதுப்பான நீராலும் நறுமலர்களாலும் அப்பாதங்களைக் கழுவினர். அடுத்து அரசியின் தானதருமங்களை மேற்பார்க்கும் அதிகாரியின் துணைவர் கழுவினார். பின்னர் அவ்வதிகாரியே கழுவினார். நான்காவதாகத்தான் அரசியின் முறை வந்தது. மூன்று முறை தூய்மையாக்கப்பட்ட பாதத்தில் அரசிக்குச் செய்ய எஞ்சியிருந்த வேலை பணிவு ஒன்றே என்பதால், அதை அவர் மெத்தைமேல் முழந்தாளிட்டுச் செம்மையாகவே செய்துமுடித்தார்.

ஆறாம் நூற்றாண்டில் துறவு மடங்களுக்கான ஒழுங்குநூலை வகுத்த நூர்சியாவின் பெனடிக்ட் மனிதரை நன்கறிந்தவர். சமையலறைப் பணியை வாரமுறையாக்கி, தக்க காரணமின்றி எவரும் அதிலிருந்து விலகலாகாது என்றும், வாரம் முடிகையில் பாத்திரங்கள் பழுதின்றித் தூய்மையாகத் திருப்பி ஒப்படைக்கப்பட வேண்டும் என்றும் அவர் விதித்தார். கைத்தொழில் வல்லவர் ஒருவர், தம் திறமையால்தான் மடம் பிழைக்கிறது என்று செருக்குற்றால், அவரை அத்தொழிலிலிருந்தே நீக்க வேண்டும் என்னும் விதியும் அந்நூலின் 57ஆம் அதிகாரத்தில் உண்டு. பணிவை மனத்தில் தேடி அளப்பதைவிட, உடையாத குடத்தை எண்ணிச் சரிபார்ப்பது எளிது என்று அவர் கண்டிருக்க வேண்டும்.

ஆயினும் இம்மருந்து முழுமையாக வேலைசெய்த வரலாற்றைக் காண, 17ஆம் நூற்றாண்டுப் பாரிசில் கார்மேல் சபைத் துறவியர் வாழ்ந்த மடத்தின் அடுக்களைக்குள் செல்ல வேண்டும். பிரான்சின் கிழக்கே, லொரேன் பகுதியில் பிறந்த நிக்கோலா எர்மான் முதலில் போர்வீரராக இருந்து காயமுற்றார்; பின்னர் ஒரு செல்வரிடம் ஏவலாளாக அமர்ந்து, தொட்டதையெல்லாம் உடைக்கும் கைத்தவறலுக்குப் பெயர்பெற்றார். 1640ஆம் ஆண்டில் மடத்தில் சேர்ந்து லாரன்ஸ் சகோதரர் என்னும் பெயரேற்ற அவர், குருப்பட்டம் பெறாமல் உடலுழைப்பால் மடத்திற்குத் தொண்டாற்றும் பொதுநிலைச் சகோதரர் வகையைச் சேர்ந்தவர். தம் தடுமாற்றங்களுக்காக மடத்தில் தோலை உரித்துவிடுவார்கள் என்றே அவர் எதிர்பார்த்து வந்தார். அங்கே நிறைவு மட்டுமே கிடைத்ததால், கடவுள் தம்மை ஏமாற்றிவிட்டார் என்று பின்னாளில் வேடிக்கையாக முறையிட்டார். பொருள்களை உடைப்பதில் தேர்ந்தவருக்கு ஒப்படைக்கப்பட்டதும் அவருக்கு இயல்பாகவே வெறுப்பான சமையல் வேலைதான். அதில் அவர் ஏறத்தாழ 15 ஆண்டுகள் கழித்தார்.

அவருடைய அச்சம் சிறியதன்று. மீட்பே தமக்குக் கிடைக்காது, நரகமே உறுதி என்னும் எண்ணம் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவரை வாட்டியது. அதைத் தீர்க்கச் சொல்லப்பட்ட வாதங்கள் பயன்படவில்லை. இறுதியில் அவர் கண்ட தீர்வு வாதம் என்று சொல்லத்தக்கதே அன்று: தாம் துறவு பூண்டது கடவுள்மேல் கொண்ட அன்பினால் என்பதால், முடிவு மீட்போ அழிவோ எதுவாயினும், சாகும்வரை அந்த அன்பிற்காகவே வேலைசெய்வது என்று அவர் தீர்மானித்துக்கொண்டார். தேர்வு முடிவைப் பார்ப்பதில்லை என்று மாணவர் ஒருவர் உறுதிபூண்டதைப் போன்ற இத்தீர்மானத்திற்குப் பிறகு அவருடைய அச்சம் விலகியது. அச்சத்தோடு அவர் போரிட்டு வென்றதாகத் தெரியவில்லை. வாணலியில் முட்டை அடையைத் திருப்பிப்போடுவதையும், தரையில் கிடக்கும் துரும்பை எடுப்பதையும் கடவுளுக்காகச் செய்தவருக்கு, அச்சத்தோடு பேச ஓய்வு கிடைக்கவில்லை என்பதே பொருத்தமான விளக்கம்.

தவறுகளை அவர் கையாண்ட முறையும் கவனத்திற்குரியது. பிழை நேர்ந்தால், தம்மைத் தனியே விட்டால் இப்படித்தான் நடக்கும் என்று கடவுளிடம் அறிக்கையிட்டு, பொறுப்பின் பெரும்பகுதியை அங்கேயே இறக்கிவைத்து, அடுத்த வேலைக்குச் சென்றுவிடுவார். மடத்திற்குத் திராட்சை மது வாங்கப் பர்கண்டிக்கு அனுப்பப்பட்டபோது, கால் ஊனத்தால் படகில் நடக்க இயலாமல் பீப்பாய்களின்மேல் உருண்டே நகர வேண்டியிருந்தும், வணிகம் அறியாத தம்மை அனுப்பிய காரியம் கடவுளின் பொறுப்பு என்று கூறிக் கவலையற்றிருந்தார். காரியமும் நன்றாகவே முடிந்தது. இத்தகையவருடன் உரையாடுவதற்காக 1666ஆம் ஆண்டில் ஜோசப் தெ போஃபோர் என்னும் குரு மடத்திற்கு வந்ததும், அவர் எழுதிவைத்த குறிப்புகள் 1691இல் லாரன்ஸ் இறந்த பின்னர் நூலாகி உலகெங்கும் பரவியதும், புகழ் தன்னைத் தேடாதவரின் முகவரியை எப்படியோ விசாரித்து அறிந்துகொள்கிறது என்பதைக் காட்டுகின்றன.

இவ்வரலாற்றிலிருந்து ஊழியம் ஒரு சிகிச்சை என்று முடிவுகட்டுவோர் விரைவில் ஏமாற்றமடைவர். குணமடைவதற்காகப் பாத்திரம் துலக்குபவர் ஒவ்வொரு பாத்திரத்திலும் தம் முகம் தெரிகிறதா என்றே பார்ப்பார். திருச்சபைக் கூட்டத்தின் நன்றியுரையில் அறுபது பெயர்கள் வாசிக்கப்பட்டுத் தம் பெயர் மட்டும் விடுபட்டால், ஓராண்டுப் பணிவு ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோவதையும் அவர் காண்பார். லாரன்சுக்கு அமைதி தந்தது வேலை தாழ்ந்தது என்பதன்று. தம் மதிப்பை உறுதிசெய்யும் பொறுப்பை அவ்வேலையின் தலையில் சுமத்தாமல், அதைக் கடவுளிடமே விட்டுவிட்டதுதான். அவ்வாறு விட்ட பின்பு வாணலிக்கு முட்டை அடையை மட்டும் சுமந்தால் போதும் என்றாயிற்று. பசியோடு காத்திருந்த துறவியருக்கும் அதுவே வேண்டியிருந்தது.