மாப்ள, இத மட்டும் பாரு: திண்டுக்கல் சமவெளியில் அனிமே பரிந்துரைக்கும் மரபு – ஓர் ஆய்வு

ஆய்வேடு எழுத வருகிறவர் முதலில் செய்ய வேண்டியது, 'இத்துறையில் இதுவரை எவரும் ஆய்வு நிகழ்த்தவில்லை' என்று எழுதுவது. நிகழ்த்தியிருந்தால் அதைப் படித்தாக வேண்டுமே. ஆகவே எழுதிவிடுகிறேன்: தான் பார்த்து முடித்த அனிமேயை அடுத்தவன் தலையில் கட்டும் செயல் குறித்து இதுவரை எவரும் ஆய்வு நிகழ்த்தவில்லை. இரண்டாவது, தலைப்பின் வாலில் 'ஓர் ஆய்வு' என்று ஒட்டுவது. ஒட்டாவிட்டால் பேருந்து அட்டவணை என்று நினைத்து யாராவது ஆர்வமாகப் படித்துவிடக்கூடும். மூன்றாவது, ஜப்பான் என்று வந்துவிட்டால் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு சொன்ன சுசுமு ஓனோவை எங்காவது இழுக்க வேண்டும். இழுத்தாயிற்று. இனி அவருக்கு இங்கே வேலை இல்லை.

பாயிரத்தில் எல்லை சொல்வது பனம்பாரனார் காலத்திலிருந்து வரும் வழக்கம். வடக்கே வேடசந்தூர் நூற்பாலைகள், தெற்கே சின்னாளபட்டித் தறிகள், மேற்கே ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை, கிழக்கே சிறுமலை அடிவாரம், நடுவே மலைக்கோட்டை. கொடைக்கானல் விலக்கப்பட்டது. மலைக்காரர்களைச் சேர்த்தால் குறிஞ்சித் திணைக்குத் தனி இயல் எழுத வேண்டி வரும். அதற்கு எம் நெறியாளருக்குப் பொறுமை இல்லை, எமக்கு ஸ்வெட்டர் இல்லை.

இயல் 1: அடிப்படைத் தரவு

பேருந்து நிலையத்துக்கு எதிர்ப்புறம், டீ கிளாஸ் கைமாறும் நேரத்தில் பதிவான உரையாடல் இது. முழுமையாகத் தருகிறேன்.

"மாப்ள, நல்லதா ஒரு அனிமே சொல்லுடா."

"எந்த மாதிரி வேணும்?"

"சிரிப்பா இருக்கணும். சின்னதா இருக்கணும். சோகமே கூடாது."

"அப்ப அட்டாக் ஆன் டைட்டன் பாரு."

அட்டாக் ஆன் டைட்டன் 2013-ல் தொடங்கி 2023-ல் முடிந்த தொடர். முதல் எபிசோடிலேயே நாயகனின் அம்மாவை ராட்சசி தின்றுவிடுகிறாள். நகைச்சுவை, சுருக்கம், சோகமின்மை என்ற மூன்று நிபந்தனைகளையும் ஒருசேர மீறும் படைப்பை ஒரு நொடிகூட யோசிக்காமல் எடுத்துக் கொடுக்க அபாரமான திறமை வேண்டும். இதிலிருந்து பெறப்படும் முதல் விதி: கேட்பவர் யாராயினும், கேட்டது எதுவாயினும், சொல்பவர் கடைசியாக எதைப் பார்த்து முடித்தாரோ அதுவே விடை. 'எந்த மாதிரி வேணும்' என்பது கேள்வியன்று. மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம். (காண்க: டீக்கடை வாய்மொழி மரபு, பெஞ்சு 2.)

இயல் 2: பரிந்துரைப்போர்

நல்லாசிரியர் அல்லாதாருக்குப் பவணந்தி முனிவர் நன்னூலில் நான்கு உவமைகள் சொன்னார்: கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அனிமே இல்லாத குறையால் பொருளை ஆசிரியர் மேல் ஏற்றிவிட்டார். அவர் மனத்தில் இருந்தவர்கள் நாகல் நகர் இளைஞர்களே என்பது என் துணிபு. நச்சினார்க்கினியர் எங்கோ நாற்பது அடிக்கு அப்பால் சிவனே என்று கிடக்கும் சொல்லைத் தரதரவென இழுத்து வந்து இங்கே மாட்டிப் பொருள் காணலாம் என்றால், நான் எண்ணூறு ஆண்டு இழுப்பதில் குற்றமில்லை.

கழற்குடம்: கழற்சிக்காய் அடைத்த குடத்தைக் கவிழ்த்தால் எது முன், எது பின் என்றில்லாமல் கொட்டும். ஒரே மூச்சில் நருட்டோ, பிளீச், டெமன் ஸ்லேயர், ஜுஜுட்சு, நடுவில் தனக்கே பேர் மறந்துபோன ஒன்று, மறுபடி நருட்டோ.

மடற்பனை: ஏறவும் விடாது, தரவும் தராது, பழம் தானாக விழுந்தால் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். இவ்வகையினர் இவாஞ்செலியன் பார்த்தவர்கள். 1995-ல் தொடங்கி மொத்தமே 26 எபிசோடு உள்ள அத்தொடரைப் பற்றி வாய் திறந்து ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். "அதெல்லாம் உனக்குப் புரியாதுடா" என்று மட்டும் சொல்வார்கள். தமக்கும் புரியவில்லை என்பதைக் காக்கும் வழி அது.

பருத்திக் குண்டிகை: பஞ்சைச் சிறிது சிறிதாகத் திணித்துச் சிறிது சிறிதாகவே எடுக்க முடிகிற பாத்திரம். தினமும் அரை நிமிட சண்டைக் காட்சியை ஸ்டேட்டஸில் வைப்பவர்.

முடத்தெங்கு: நட்டு நீர் ஊற்றியது நாம், காய் விழுவது பக்கத்து வீட்டில். நம் ஹாட்ஸ்பாட்டில் சீசன் முழுவதையும் இறக்கிக்கொண்டு, நமக்கு மூச்சு விடாமல் பேகம்பூர்க்காரனுக்குப் பரிந்துரைப்பவன். இவனைப் பற்றி மேலும் எழுதினால் ஆய்வு நடுநிலை பிறழும்.

பவணந்தியார் விட்டுவிட்ட ஐந்தாம் வகை ஒன்று உண்டு. சொல்வதோடு நில்லாமல் கூடவே உட்கார்ந்து பார்க்க வைப்பவன். மொட்டை மாடியில் தண்ணித் தொட்டி விளிம்பில் போனைச் சாய்த்து வைத்திருப்பான். திரையைப் பார்க்கவே மாட்டான்; நம் முகத்தைத்தான் பார்ப்பான். ஜப்பானிய வசனத்துக்கு அரை நொடி முன்னால் அவன் உதடு அசையும். "இப்பப் பாரு... இப்பப் பாரு..." திருப்பம் வரும் கணத்தில் நமக்குத் தும்மல் வந்துவிட்டால் பத்து நொடி பின்னால் தள்ளி, முகத்தைத் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்லி, மறுபடி போடுவான். (காண்க: நாகல் நகர் மொட்டை மாடி உரை, மழைக்கு முந்திய பாடம், தண்ணித் தொட்டிக்கு மேற்கே அமர்ந்தோரின் பாடபேதத்தில் தும்மல் இல்லை, கொட்டாவி உண்டு.)

இயல் 3: கேட்போர்

நன்னூலார் மாணாக்கரை எட்டாகப் பகுத்தார். அன்னம், ஆ, மண், கிளி ஆகிய நால்வரும் எம் கள ஆய்வில் அகப்படவில்லை. மற்ற நால்வர் ஏராளம்.

இல்லிக்குடம்: "பாத்தேன்டா, செமயா இருந்துச்சு, பேருதான் வாய்ல வர மாட்டேங்குது."

ஆடு: எல்லாத் தொடரிலும் ஒரு எபிசோடு மேய்ந்தவர்.

எருமை: கடைசி எபிசோடை முதலில் பார்த்துக் குளத்தைக் கலக்கிவிட்டுத் தண்ணீர் குடிப்பவர், அந்தத் தண்ணீரையே நமக்கும் தருபவர்.

நெய்யரி: நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வது. ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் பிரதர்ஹுட் 64 எபிசோடு. இறந்த தாயை உயிர்ப்பிக்கப் போய் ஒருவன் காலையும் கையையும், தம்பி உடம்பையே முழுதாகவும் இழந்த கதை. இனப்படுகொலை, குற்றவுணர்வு, எதை இழந்து எதைப் பெறலாம் என்ற கேள்வி. எல்லாம் பார்த்து முடித்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஹீரோ ரொம்பக் குள்ளம்ணே" என்றார்.

இயல் 4: பொறுத்தல்

"மொதல்ல கொஞ்சம் ஸ்லோவாத்தான் போகும், பொறு" என்பது எல்லாப் பரிந்துரைகளிலும் வரும் தொடர். எவ்வளவு பொறுக்க வேண்டும் என்பதில்தான் வேறுபாடு. ஸ்டைன்ஸ் கேட் மொத்தமே 24. அதில் பன்னிரண்டு வரை பொறுக்கச் சொல்வார்கள், அதாவது பாதி. ஒன் பீஸ் 1999 அக்டோபரில் தொடங்கி 1,100 எபிசோடைத் தாண்டிவிட்டது. எபிசோடுக்கு 24 நிமிடம் என்றால் 440 மணி நேரம். திண்டுக்கல்–மதுரைப் பேருந்தில் போக ஒன்றரை, வர ஒன்றரை என்று வைத்துக்கொண்டு வழியெல்லாம் பார்த்தால் 147 நாள். அதே நாட்களில் மதுரையில் இறங்கி ஏதாவது வகுப்பில் சேர்ந்திருந்தால் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும் என்பார் அப்பா. அவர் இவ்வாய்வின் எல்லைக்குள் வரமாட்டார்.

டெத் நோட் இதற்கு நேர் எதிர். 37 எபிசோடுதான். ஆனால் "இருபத்தஞ்சோட நிறுத்திக்க" என்று ஓர் உபதேசம் கூடவே வரும். ஏன் என்று கேட்டால், "சொன்னா ஸ்பாய்லர் ஆயிரும்." இருபத்தைந்தில் ஏதோ இருக்கிறது என்பதைச் சொன்ன பிறகு ஸ்பாயில் ஆக என்ன மிச்சம் இருக்கிறது? இந்த ஊரில் அந்த எபிசோடை அதிர்ச்சியோடு பார்த்தவர் ஒருவரைத் தேடினேன். எல்லோரும் முதல் எபிசோடிலிருந்தே விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்து சேர்ந்தவர்கள்.

இயல் 5: எதை முதலில் பார்ப்பது என்னும் பேரியல்

ஃபேட் என்றொரு குடும்பம். ஸ்டே நைட் 2006-ல் வந்தது. 2011-ல் வந்த ஜீரோ அதற்கு முன்னால் நடந்த கதை. 2014-ல் அன்லிமிடெட் பிளேட் வொர்க்ஸ் அதே ஸ்டே நைட்டை வேறு பாதையில் சொன்னது. எதிலிருந்து தொடங்குவது? வெளிவந்த வரிசையே வரிசை என்பது முதற்கட்சி. கதை நடந்த வரிசை என்பது இரண்டாம் கட்சி. இதற்கெல்லாம் மூலமான 2004-ஆம் ஆண்டு விளையாட்டை ஆடாதவனுக்கு எதையும் பார்க்கத் தகுதியே இல்லை என்பது மூன்றாம் கட்சி. இவர்களைத்தான் உரையாசிரியர் மரபின் நேரடி வாரிசுகள் என்பேன். மூலத்தைக் காட்டி மிரட்டுகிறவர்கள். (காண்க: வத்தலகுண்டுப் பேருந்துக் கடைசி இருக்கைப் பேருரை, அதற்கு முன் இருக்கையிலிருந்து எழுந்த மறுப்பு, 'உள்ள தள்ளிப் போங்கப்பா' என்னும் நடத்துநர் இடைக்குறிப்பு, சில்லறை பாக்கியை முன்னிட்டு மேற்படி நடத்துநருக்கு எழுந்த மறுமறுப்பு, செம்பட்டி வரை.)

ஆனால் வரிசைச் சிக்கலின் சிகரம் ஹருஹி சுஸுமியா. 2006-ல் வந்த முதல் சீசன் 14 எபிசோடு. வேண்டுமென்றே வரிசையைக் குலைத்து ஒளிபரப்பினார்கள். எந்த வரிசை சரி என்ற சண்டையில் அலுத்துப்போன ரசிகர் எவருக்கோ ஒரு யோசனை: எல்லா வரிசையிலும் பார்த்துவிட்டால்? ஒன்று விடாமல், சாத்தியமான அத்தனை வரிசையும் உள்ளடங்குமாறு தொடர்ந்து பார்த்தால், குறைந்தது எத்தனை எபிசோடு பார்க்க வேண்டும்?

இங்கிருந்து வருவது எதுவும் என் கற்பனை அல்ல என்பதை வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

மூன்றே எபிசோடு இருந்தால் வரிசைகள் ஆறு. தனித்தனியாகப் பார்த்தால் பதினெட்டு முறை உட்கார வேண்டும். ஆனால் 1, 2, 3, 1, 2, 1, 3, 2, 1 என்று ஒன்பது முறை உட்கார்ந்தால் போதும். ஒரு வரிசையின் வாலே அடுத்த வரிசையின் தலையாகிவிடுவதால் ஆறும் அதற்குள் வந்துவிடுகின்றன. விரலை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். பதினான்குக்கு? 2011-ல் பெயர் சொல்லாத ஒருவர் நிரூபணத்தோடு விடை சொன்னார்: குறைந்தது 9,388 கோடியே 43 லட்சத்து 13 ஆயிரத்து 611 எபிசோடு. இதைவிடக் குறையவே குறையாது, கூடலாம். வழக்கமாக எபிசோடு எண்ணிக்கையைக் கேட்டதும் "தான்டா மாப்ள" என்று சேர்ப்பவர்கள்கூட இதற்குச் சேர்ப்பதில்லை.

கணித அறிஞர்கள் இந்த நிரூபணத்தைக் கவனிக்க 2018 ஆயிற்று. சரிபார்த்தார்கள், சரியாக இருந்தது, கட்டுரையாக எழுதினார்கள். முதல் ஆசிரியர் என்ற இடத்தில் அந்தப் பெயரிலியையே போட்டார்கள். இதை எம் நெறியாளரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. எழுதாத கட்டுரையில் முதல் பெயராக அமர்வதுதான் அவர் அறிந்த ஆய்வு நெறி. எழுதியவனை, அதுவும் பெயரே தெரியாதவனை, முதலில் போடுவதா? குறுந்தொகையைத் தொகுத்தவராவது புரிந்துகொண்டிருப்பார். பாடியவர் பெயர் தெரியாதபோது பாட்டுக்குள்ளிருந்தே ஒரு தொடரை எடுத்துச் செம்புலப்பெயல்நீரார் என்று அழைத்த மரபு நம்முடையது. அந்த முறைப்படி இவர் எல்லாவரிசையும்பார்த்தார்.

இனி என் பங்களிப்பு. எபிசோடுக்கு 24 நிமிடம், ஊண் உறக்கம் இல்லை என்று கொண்டால் மேற்படி எண்ணிக்கைக்கு ஏறத்தாழ 42 லட்சத்து 84 ஆயிரம் ஆண்டு ஆகும். கிருத, திரேதா, துவாபர, கலி ஆகிய நான்கும் சேர்ந்த சதுர்யுகம் பஞ்சாங்கப்படி 43 லட்சத்து 20 ஆயிரம் ஆண்டு. ஆக, கிருத யுகத்தின் முதல் நாள் விடியலில் போனைத் தொட்டியில் சாய்த்து உட்காரும் ரசிகர், கலி முடிய 36,000 ஆண்டு பாக்கி இருக்கும்போதே எழுந்துவிடலாம். எழுந்து, குளித்து, ஒன் பீஸ் தொடங்கலாம். ஹருஹிக்காகத்தான் யுகங்கள் அளக்கப்பட்டன என்று நிறுவ எனக்கு இன்னும் ஒரு கல்வெட்டு மட்டுமே தேவை. இதைவிடக் குறைந்த சான்றோடு முனைவர் பட்டம் பெற்றவர்களை நான் அறிவேன்.

இயல் 6: தமிழ் டப்பிங்கா, சப்டைட்டிலா?

திண்டுக்கல்லில் எந்தக் கடை பிரியாணி உசத்தி என்ற கேள்வியைப் போல, இதையும் விருந்தாளி முன்னிலையில் எழுப்பலாகாது.

இயல் 7: பார்த்ததே இல்லை என்போர்

"இந்த ஜப்பான் பொம்மப் படமெல்லாம் நான் பாத்ததே இல்ல தம்பி" என்று சொல்லும் நாற்பத்தைந்து வயது மாமாக்கள் ஏராளம். தூர்தர்ஷனில் இந்தி புரியாமலே இவர்கள் வாய் பிளந்து பார்த்த மோக்லி, 1989-ல் ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் எடுத்த 52 எபிசோடுத் தொடர். சொன்னால் நம்புவதில்லை, மோக்லி மத்தியப் பிரதேசத்துக்காரன் என்கிறார்கள். யூகோ சாகோவின் ராமாயணம் 2025-ல் தமிழ்ப் பேச்சோடு தியேட்டருக்கு வந்தபோது பக்தியோடு பார்த்த தாத்தா ஒருவரிடம், நீங்களும் அனிமே ரசிகர் ஆகிவிட்டீர்கள் என்றேன். பேச்சை நிறுத்திக்கொண்டார். ரசிகர்கள் தரப்பிலும் இதே தீண்டாமை உண்டு: ஷின்சானை அனிமே என்று ஒப்பமாட்டார்கள். வீட்டில் தங்கச்சி பார்ப்பது கார்ட்டூன், தாம் பார்ப்பது மட்டும் அனிமே.

பின்னிணைப்பு: விலக்கப்பட்ட தரவு

2022-ல் சோனி யாய் நருட்டோவைத் தமிழில் போட்டபோது, பேரனோடு உட்கார்ந்து என் அம்மாவும் பார்த்தார். நருட்டோ 220, ஷிப்புடென் 500 என்று எச்சரித்தேன். மெட்டி ஒலி எண்ணூறைத் தாண்டிய தொடர். சந்திரலேகா இரண்டாயிரத்தையும் தாண்டியது. அம்மா இரண்டையும் முடித்தவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஊரே அந்தப் பயல ஒதுக்கி வச்சிருக்காகளே, சோத்துக்கு என்ன பண்றான்?"

"நூடுல்ஸ் கடையில திங்கிறான்மா."

"தெனமும் கடைச் சாப்பாடா? வயிறு என்னத்துக்கு ஆகும்?"

மறுநாள் வாசலில் நின்று எதிர்வீட்டுக்குக் குரல் கொடுத்தார்: "மதினி, அநாதப் பய கதை ஒண்ணு போடுறான். நல்லாருக்கு. சாயந்தரம் வாங்க."

மதினி முருங்கைக்கீரை முறத்தோடு வந்தார். எத்தனை எபிசோடு என்று கேட்கவில்லை. எந்த வரிசை, எத்தனையாவது வரை பொறுக்க வேண்டும், டப்பிங்கா சப்டைட்டிலா, எதுவும் கேட்கவில்லை. கீரை ஆய்ந்து முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அடுத்த நாள் தன் கொழுந்தியாளையும் கூட்டி வந்தார்.

இத்தரவு மேற்கண்ட ஏழு இயல்களின் கோட்பாட்டுக்கும் ஒத்துவராததால், ஆய்வு நெறிப்படி ஆய்வெல்லைக்கு வெளியே வைக்கப்படுகிறது.