அட்டையைப் பிடித்தவர்

"இப்ப நான் கொஞ்சம் இடையில இருக்கேன்." வேலை போனதைச் சொல்ல சிங்கப்பூரில் இதைவிட நாசூக்கான வாக்கியம் இன்னும் வரவில்லை. எதற்கும் எதற்கும் இடையில் என்று கேட்டுவிடக் கூடாது. பழைய வேலைக்கும் புது வேலைக்கும், போய்வந்த லடாக்குக்கும் போகப்போகிற நேப்பாளத்துக்கும் என்று விரல்விட்டு எண்ணுவார். அந்த இடைவெளியில்தான் அவர் தொண்டூழியர். கூரைக்கு அடியில் செய்யும் தொண்டு ஆகாது. பதினைந்து வருடம் ஏர்கான் குளிரில் உட்கார்ந்து முதுகு மரத்துவிட்டதாம், வெயில் படவேண்டுமாம்.

சனிக்கிழமை காலை தேக்காவில் தோசையும் தே தாரிக்கும். பிறகு ரயிலில் கிராஞ்சி, அங்கிருந்து 925 பேருந்து. பிடரியை மூடும் தொப்பி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். சுங்கை பூலோ பக்கத்துச் சதுப்புக் கரையில் இறங்கும்போது எவரெஸ்ட் ஏறப்போகிறவர் வழிதவறி வந்த மாதிரி இருக்கும்.

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பக்கம்தான் முதலில் குப்பை பொறுக்கப் போனார். அங்கே சம்பளத்துக்கு ஆள் வைத்துக் கூட்டுகிறார்கள். இரண்டு மணி நேரம் நடந்தும் பை நிறையவில்லை. "குப்பையே சரியில்லை" என்று குறைப்பட்டுக்கொண்டு திரும்பினார். பொறுக்கக் குப்பை இல்லாத ஊரில் பிறகு ஒருவர் எங்கேதான் போவார்? ஜொகூர் நீரிணை கொண்டுவந்து ஒதுக்கும் சதுப்புக் கரைக்குத்தான்.

அங்கேதான் அவர் கையில் அட்டை கிடைத்தது.

1986இல் டெக்சஸ் கடற்கரையில் தொடங்கிய அனைத்துலகக் கடலோரத் துப்புரவு இயக்கத்தில் சிங்கப்பூர் 1992இல் சேர்ந்தது. அதில் பொறுக்கினால் மட்டும் போதாது. பொறுக்கியதை வகைவாரியாக எண்ணிக் குறிக்கவும் வேண்டும். போத்தல் இத்தனை, மூடி இத்தனை, ஸ்ட்ரா இத்தனை. பரீட்சை அட்டையில் தாளைச் செருகி, பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டுக் குழுவுக்கு ஒருவரிடம் கொடுப்பார்கள். மற்றவர்கள் குனிய, ஒருவர் மட்டும் நிமிர்ந்து நிற்கும் வேலை. சதுப்பில் மனிதனை அட்டை பிடிப்பதுண்டு. இங்கே மனிதர் அட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கிள், ஸ்ட்ரா மூணு!" என்பான் பாலிடெக்னிக் பையன்.

"முழுசா, துண்டா?"

"ரெண்டு முழுசு. ஒண்ணு பாதி."

"பாதின்னா எவ்வளவு நீளம்?"

இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் சில்லுக்கு அட்டையில் தனி வரிசை உண்டு. அதைக் கண்டுகொண்ட நாளிலிருந்து அவர் சட்டைப்பையில் ஆறு அங்குல அடிக்கோல் ஒன்று குடியிருக்கிறது. சேற்றில் புதைந்த ஸ்டைரோஃபோம் பெட்டியை ஒருமுறை இருவர் தூக்க, அது பொலபொலவென்று உதிர்ந்தது. ஒன்று என்று எழுதுவதா, நாற்பது என்று எழுதுவதா? "நாம உடைச்சதா, கடல் உடைச்சதா?" என்று விசாரணை தொடங்கியது. கடல் ஏற்கெனவே விரிசல் விட்டிருக்க வேண்டும் என்றாள் ஒரு பெண். சாட்சி உண்டா என்றார் இவர். பத்து நிமிடம் ஆயிற்று. நீர் வற்றியிருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் வேலையை முடித்தாக வேண்டும் என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. பழைய வேலையில் அவர் திட்ட மேலாளர். இதைச் சொல்லியிருக்கவே தேவையில்லை.

கயிற்றுச் சுருளும் சேறுமாகக் கனத்த மூட்டையை அன்று கரைக்கு இழுத்துவந்தது எழுபது வயதுச் சீனப் பாட்டி. இவர் வழிவிட்டு நின்று, மூட்டை எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இதைச் சிரித்துக்கொண்டே எழுத முடியவில்லை. நான்கு மாதத்தில் அவர் கையுறை ஒருமுறைகூட நனையவில்லை. தொண்டு செய்ய வந்தவர் ஒரு போத்தலையாவது குனிந்து எடுக்கலாம். அவ்வளவுதான்.

ஆனால் தேக்காவில் அவரோடு மறுபடி தே குடிக்க உட்கார்ந்தால் என் கோபம் தங்குவதில்லை. பல்லாண்டுகளாக உலகக் கணக்கில் முதலிடத்தில் இருந்த சிகரெட் துண்டை 2019ஆம் ஆண்டுக் கணக்கில் தின்பண்ட உறை முந்திவிட்டதைச் சொல்லும்போது, பக்கத்து வீட்டுப் பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்த மாதிரி அவர் முகம் மலர்கிறது. மூட்டையின் கனம் அதைச் சொல்லாது, அட்டையில் இருக்கும் கோடுதான் சொல்லும் என்கிறார். பொய்யில்லை. மற்ற குழுக்களின் தாளில் கூட்டல் இடிக்கும். இவர் தாளில் இடித்ததே இல்லை. அடித்தல் திருத்தல்கூடக் கிடையாது.

போன மாதம் வேலை கிடைத்துவிட்டது. சேருவதற்கு மூன்று வாரம் இருந்ததால் நேப்பாளம் கிளம்பிவிட்டார். அடுத்த சனிக்கிழமை அட்டை பாலிடெக்னிக் பையன் கைக்குப் போனது. அவன் நன்றாகக் குனிந்து, நன்றாகப் பொறுக்கி, கடைசியில் சேற்று விரலால் தாளை நிரப்பினான்: போத்தல் 60 இருக்கும். ஸ்ட்ரா கொஞ்சம். சிகரெட் துண்டு நிறைய.

அதை யாரோ படமெடுத்து வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பிவைத்தார்கள். போக்ராவிலிருந்து ஒரே நிமிடத்தில் பதில் வந்தது.

"நிறையன்னா எத்தனை?"