கடுகு கேட்டவரும் பாடையைத் தொட்டவரும்

கேள்வி: புத்தரும் அன்பைச் சொன்னார், இயேசுவும் அன்பைச் சொன்னார். அப்புறம் எதற்கு இரண்டு மதம்?
– வாசகர், ராயபுரம்

பதில்: கல்மண்டபத்தில் நின்றால் திருவொற்றியூர் பஸ்ஸும் வரும், பாரிமுனை பஸ்ஸும் வரும். அதற்காக எதில் வேண்டுமானாலும் ஏறிவிடுவீர்களா? இருவரும் மனிதனின் துன்பத்தைத்தான் முதலில் பார்த்தார்கள். அதன் வேரைத் தேடிய புத்தர், அறுக்கும் வழியை மனிதன் கையிலேயே கொடுத்தார். அந்தக் கைக்குப் பலம் போதாது, கடவுளே இறங்கி வரவேண்டும் என்கிறது கிறிஸ்தவம். இது சின்ன வேறுபாடு இல்லை. இதை மூடி மறைத்தால் இருவருக்குமே மரியாதை இல்லை.

கேள்வி: கிறிஸ்தவர்கள் புத்தரைப் பற்றிப் படிப்பதே பாவம் என்கிறார் என் மாமா. உண்மையா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: புனித ஜோசபாத்தைத் தெரியுமா என்று மாமாவிடம் கேளுங்கள். அரண்மனையைத் துறந்த இந்திய இளவரசரின் கதை, பாரசீகம், அரபு, ஜார்ஜியம், கிரேக்கம் என மொழி மொழியாக நடந்து ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. புத்தருக்குரிய ‘போதிசத்துவர்’ என்ற பெயர் அங்கே ஜோசபாத் ஆனது. பழைய புனிதர் பட்டியலில் நவம்பர் 27 ஜோசபாத்தின் நாளாக இருந்தது. யாருடைய வாழ்க்கை என்று தெரியாமலே பல நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள் அதைக் கேட்டு உருகினார்கள். 1965இல் பிற சமயங்கள் பற்றி அறிக்கை வெளியிட்ட இரண்டாம் வத்திக்கான் சங்கம், பௌத்தத்தைப் பெயர் சொல்லியே மரியாதையோடு குறிப்பிட்டது. இலங்கையின் இயேசு சபைக் குரு அலோசியஸ் பியரிஸ், பௌத்தத் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1974இல் களனியில் துலானா ஆய்வு மையத்தைத் தொடங்கினார். அவர் குருத்துவத்தை விட்டுவிடவில்லை. எழும்பூர் கென்னட் சந்தில் மகாபோதி சங்கம் இருக்கிறது. மாமாவையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய் வாருங்கள்.

கேள்வி: மகனைப் பறிகொடுத்த என் அக்காவுக்கு எந்த மதம் ஆறுதல் தரும்?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இரண்டிலும் உங்கள் அக்காவைப் போல ஒரு தாய் இருக்கிறாள். கிசாகோதமி செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வந்தாள். சாவு விழாத வீட்டிலிருந்து கொஞ்சம் கடுகு வாங்கி வரச் சொன்னார் புத்தர். வீடு வீடாக ஏறி இறங்கினாள். கடுகு எல்லா வீட்டிலும் இருந்தது, சாவும் இருந்தது. பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்து துறவு பூண்டாள். எடுத்த எடுப்பில் அவளுக்கு அவர் உபதேசம் செய்யவில்லை. ஊரே தன்னைப் போல அழுதிருக்கிறது என்பதை அவளாகவே கண்டுகொள்ள விட்டார். அது பெரிய கருணை.

நயீன் ஊர் வாசலில் இயேசுவுக்கு எதிரே ஒரு கைம்பெண்ணின் ஒரே மகனைத் தூக்கி வந்தார்கள். அழ வேண்டாம் என்றவர் அதோடு நிற்கவில்லை. பாடையைத் தொட்டார், மகனை எழுப்பித் தாயிடம் ஒப்படைத்தார். பெத்தானியாவில் நண்பர் லாசரின் கல்லறைக்குப் போகும்போது அவரே கண்ணீர் விட்டார். புத்தர் சாவை உள்ளபடி பார்க்கக் கற்றுத்தருகிறார். இயேசு அதைப் பகைவனாக எதிர்த்து நிற்கிறார். நான் கிறிஸ்தவன், என் நம்பிக்கை உயிர்ப்பில்தான். ஆனால் நயீனில் எழுந்த பிள்ளையும் பின்னொரு நாள் செத்துத்தான் போனான். ஆகவே உயிர்ப்பை நம்புகிறவர்களுக்கும் கிசாகோதமி நடந்த தெரு உண்டு. அக்காவிடம் பிரசங்கம் செய்யாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளையை இழந்த வேறொரு தாயையும் கூட்டிப் போங்கள்.

கேள்வி: மீன் பிடிக்கிற எங்களுக்குப் பௌத்தத்தில் இடம் உண்டா?
– வாசகர், காசிமேடு

பதில்: உண்டு. இலங்கையின் தென்கரையில் பௌத்த மீனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பஞ்சசீலத்தின் முதல் சீலமே உயிர்க்கொலை விலக்குதான் என்பதால், தொழிலில் ஓர் உறுத்தல் இருந்துகொண்டே இருக்கும். இயேசு வலையும் கையுமாக நின்றவர்களைத்தான் முதலில் அழைத்தார். அவர்களில் ஒருவரான இராயப்பர், அதாவது பேதுரு பெயரில்தான் 1829இல் ராயபுரத்துப் படகுக்காரர்கள் கோயில் கட்டினார்கள். அதற்காக அந்த முதல் சீலத்தைத் தள்ளிவிடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகைக் கட்டிப்போட்டு, மீனைப் பெருக விட வேண்டும் என்கிறது சட்டம். பௌத்தம் அந்த நினைப்பை வருஷம் முழுக்க வைத்துக்கொள்ளச் சொல்கிறது.

கேள்வி: துன்பத்துக்கு ஆசைதான் காரணம் என்கிறாராம் புத்தர். 2023 டிசம்பரில் எங்கள் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்ததற்கும், அதே மாசம் அமோனியா கசிந்து நடுராத்திரியில் நாங்கள் ஓடியதற்கும் எங்கள் ஆசையா காரணம்?
– வாசகி, எண்ணூர்

பதில்: இல்லவே இல்லை. பேராசை, வெறுப்பு, அறியாமை மூன்றையும் நஞ்சு என்கிறது பௌத்தம். உங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா? காரணம் இல்லாமல் காரியம் இல்லை என்பதும் அதன் பாடம். எந்தக் குழாய், யார் பொறுப்பு என்று விடாமல் கேளுங்கள். விவிலியத்தின் இறைவாக்கினர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள்: ஏழையின் கூக்குரல் கடவுள் காதில் விழுகிறது, அவர் ஏழையின் பக்கம் நிற்கிறார். அவர்களில் ஒருவரான ஆமோஸின் நூலைப் படித்துவிட்டு மனு எழுத உட்காருங்கள்.

கேள்வி: அயோத்திதாசரும் அம்பேத்கரும் இயேசுவிடம் வராமல் ஏன் புத்தரிடம் போனார்கள்?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: 1898இல் கொழும்பு சென்று பௌத்தம் தழுவிய அயோத்திதாசர், ஒடுக்கப்பட்ட மக்கள் பூர்வ பௌத்தர்கள் என்று வாதிட்டார். புத்தரிடம் போவது அவருக்குச் சொந்த வீட்டுக்குத் திரும்புவது. பௌத்தத்தின் சாரம் பற்றி 1907இல் ஆங்கிலத்தில் நூல் எழுதிய லட்சுமி நரசு, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் அறிவியல் கற்பித்தவர். அந்த நூலை 1948இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் அம்பேத்கர். மதம் மாறிய கிறிஸ்தவர்களிடமும் சாதி ஒட்டிக்கொண்டிருப்பதை அம்பேத்கர் எழுதியே கண்டித்தார். அவர்கள் நம் வேதத்தை மட்டுமா பார்த்தார்கள், நம் சபையையும் பார்த்தார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்காக எழுப்பிய சுவர் ஊரறிந்த சேதி.

பௌத்தரான தலித்துகளுக்கு 1990இல் பட்டியல் சாதி உரிமை கிடைத்தது. கிறிஸ்தவரான தலித்துகளுக்கு இன்றும் இல்லை. அதைக் கேட்டு நாம் போராடுவது நியாயம். ஆனால் அரசிடம் சமத்துவம் கேட்கிற நாமே வீட்டுக்குள் சாதி பார்த்துத்தான் பெண் எடுக்கிறோம், பெண் கொடுக்கிறோம். உங்கள் வீட்டில் அடுத்த கல்யாணப் பேச்சு வரும்போது தயவுசெய்து சாதி கேட்காதீர்கள்.