ஆரணி பட்

தங்கை மகள் நிச்சயத்துக்குப் புடவை எடுக்கப் போன வாரம் ஆரணி போயிருந்தோம். புடவை அருமை. பெட்டிக்குள் இருந்த வழவழப்பு அட்டைதான் வம்பு. 'ஆல்தோ திஸ் ஸாரி இஸ் ப்யூர் சில்க், பட் டோன்ட் வாஷ் அட் ஹோம்.'

ஆல்தோ வந்த வாக்கியத்தில் பட் வரக்கூடாது. ரென் அண்ட் மார்ட்டினைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கிய தலைமுறை நான். எனக்கு இது பல்லில் மாட்டிய மாங்காய் நார். அதுவும் சுத்தப் பட்டு என்பதால்தானே வீட்டில் துவைக்கக்கூடாது? அங்கே ஆல்தோவுக்கே வேலையில்லை.

"இங்க பட் வரக்கூடாதுங்க" என்றேன் கடைக்காரரிடம். "ஆரணியில பட்டு வராம வேற என்ன சார் வரும்?" என்றார்.

"என்னங்க, புடவையைப் பாருங்கன்னா அட்டையைப் படிக்கிறீங்க" என்று வீட்டம்மா வேறு.

தறியில் பாவு தீர்ந்தால், பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை; இழைக்கு ஒரு முறுக்குதான். அந்த ஊரில் வாக்கியத்துக்கு மட்டும் இரண்டா?

ஆரணியை மட்டும் சொல்வானேன்? டிவி விவாதத்தில் 'பட் ஆனா' இல்லாமல் யாருக்கும் மறுத்துப் பேச வருவதில்லை. எங்கள் சொந்தக்காரர் ஒருவர் நேற்று போனில்: "ஸோ அதனால நாங்க காலையில வரலை, பிகாஸ் ஏன்னா மாப்பிள்ளைக்கு லீவு இல்லை, பட் ஆனா சாப்பாட்டுக்கு வந்துடுவோம், ஆர் இல்லேன்னா ராத்திரி வரோம், அண்ட் அப்புறம் பால்பாயசம் உண்டுதானே?" ஒரு இணைப்புச் சொல் அறுந்தாலும் இன்னொன்று தாங்கும் என்று இரட்டைக் கயிறு கட்டிப் பேசுகிறார். அவர் பேச்சிலிருந்து இணைப்புகளை உருவினால் மிஞ்சுவது பாயசம் மட்டுமே.

இதற்குப் பழிவாங்குவது போல இங்கிலீஷ்காரன் 'அண்ட்'டைத் தமிழுக்குள் அனுப்பிவிட்டான், மற்றும் என்ற மாறுவேஷத்தில். ஆரணி பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைத்தெரு வரை போர்டுகளைப் படித்துக்கொண்டே போனேன். பட்டு மற்றும் ஜரிகை. டீ மற்றும் காபி. ஏன், பட்டும் ஜரிகையும் என்றால் சாயம் போய்விடுமா? தொல்காப்பியர் இடையியலில் 'உம்' ஒன்றுக்கே எண், ஐயம், சிறப்பு என்று எட்டுப் பொருள் சொல்லி வைத்திருக்கிறார். இரண்டே எழுத்து. போர்டு எழுதும் கூலியாவது மிச்சமாகும்.

கல்யாணப் பத்திரிகையில் மட்டும் 'சுற்றமும் நட்பும் சூழ' என்று உம்மை இன்னும் உயிரோடிருக்கிறது. தங்கை வீட்டார் தயவுசெய்து அதை 'சுற்றம் மற்றும் நட்பு' ஆக்கிவிட வேண்டாம். ஆக்கினால், தாய்மாமன் என்றும் பார்க்கமாட்டேன், மொய் கிடையாது.